மீன் குடியமர்த்திய கரை

நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீன் என்றால் காட் மீன் மட்டும்தான். சால்மனைச் சால்மன் என்பார்கள், ஹெர்ரிங்கை ஹெர்ரிங் என்பார்கள். அவற்றை மீன் என்று சொல்ல மாட்டார்கள். படகு கரை சேரும்போது "மீன் உண்டா?" என்று ஒருவர் கேட்டால் காட் கிடைத்ததா என்றே பொருள். தென்கிழக்கு அயர்லாந்திலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்கள் தங்கள் மொழியில் அந்தத் தீவை அழைத்த பெயருக்கும் 'மீன் நிலம்' என்றுதான் அர்த்தம்.

கனடாவின் கிழக்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் கிடக்கும் இந்தத் தீவு பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றுச் சிறியது. எதிரே உள்ள லாப்ரடார் நிலப்பகுதியையும் சேர்த்து இன்று ஒரே மாகாணம். 2021 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் 5,10,550 பேர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தக் கரை நெடுக ஏறத்தாழ 1,300 ஊர்கள் இருந்தன. அவற்றில் பலவற்றில் இருநூறு பேர்கூட இல்லை. பெரும்பாலானவற்றுக்குச் சாலை கிடையாது. அடுத்த ஊருக்குப் போகப் படகு வேண்டும், குளிர்காலத்தில் உறைந்த விரிகுடாவின் மேல் நடக்க வேண்டும். இந்த ஊர்களுக்குப் பொதுப்பெயர் 'அவுட்போர்ட்'. தலைநகரான செயின்ட் ஜான்ஸைத் தவிர மற்றத் துறைகள் எல்லாம் வெளித்துறைகள் என்பது அதன் பொருள். தலைநகரில் நின்றுகொண்டு கரையைப் பார்த்தவர் வைத்த பெயர் அது.

ஒரு மீனவக் கிராமம் ஒதுக்குப்புறமானது என்று சொல்லும்போது எங்கிருந்து அளந்து அப்படிச் சொல்கிறோம்? இந்தக் கரையின் ஐந்நூறு ஆண்டு வரலாறு எழுப்பும் கேள்வி இது. மருத்துவமனையிலிருந்தும் கருவூலத்திலிருந்தும் அளந்தால் அவை தொலைதூர ஊர்கள். மீனிலிருந்து அளந்தால் அவற்றைவிட அருகான இடம் வேறு இல்லை.

*

1497இல் ஜான் கேபட் இந்தக் கடலுக்கு வந்து திரும்பியபோது, கல் கட்டிய கூடையை இறக்கினாலே மீன் ஏறிவிடும் என்ற செய்தி ஐரோப்பாவில் பரவியது. பிறகு பாஸ்க்கியர், போர்த்துக்கீசியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் கோடையில் வந்து பிடித்து, இலையுதிர் காலத்தில் திரும்பினார்கள். முல்லைத்தீவுக் கரையிலும் இராமேசுவரத்தை அடுத்த தீவுகளிலும் பருவத்துக்கு வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்துவிட்டு ஊர் திரும்பும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நியூஃபவுண்ட்லாந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரியதொரு வாடிக் கரையாகவே இருந்தது. ஒவ்வொரு துறைக்கும் அந்த ஆண்டு முதலில் வந்து சேரும் கப்பலின் தலைவரே அந்தப் பருவத்துக்கு 'மீன்பிடி அட்மிரல்'. கரையில் நல்ல இடத்தை அவர் எடுத்துக்கொள்வார், சண்டைகளை அவரே தீர்ப்பார். 1634இலேயே அரச பட்டயத்தில் இடம்பெற்ற இந்த வழக்கம் 1699இல் இங்கிலாந்து நாடாளுமன்றச் சட்டமும் ஆயிற்று. நீதிபதி என்றால் முதலில் நங்கூரம் போட்டவர். அந்த நீதி எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

வாடி எப்படி ஊராயிற்று என்பதற்கு உப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிரெஞ்சுக்காரருக்கு மலிவான உப்பு தாராளமாகக் கிடைத்தது. அவர்களில் பலர் மீனைக் கப்பலிலேயே கனத்த உப்பில் போட்டு ஈரமாகவே கொண்டுபோனார்கள். இங்கிலாந்தில் உப்பு போதாது. ஆகவே ஆங்கிலேயர் கொஞ்சம் உப்பிட்டு, காற்றிலும் வெயிலிலும் காயவைக்கும் முறையைக் கைக்கொண்டார்கள். காயவைக்கக் கரை வேண்டும். மீனை இறக்க மேடை வேண்டும். பரப்பி வைக்கப் பரண் வேண்டும். இவ்வளவையும் மரத்தால் கட்டிவிட்டு இலையுதிர் காலத்தில் விட்டுப் போனால், அடுத்த வசந்தத்தில் முதலில் வருபவன் பிரித்து அடுப்பெரித்திருப்பான். காவலுக்கு ஆள் நிறுத்த வேண்டியதாயிற்று. குளிர்காலம் தங்கிய காவல்காரர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை.

இங்கிலாந்து அரசு இதை விரும்பவில்லை. ஆண்டுதோறும் போய்த் திரும்பும் மீன்பிடிதான் கடற்படைக்கு மாலுமிகளைப் பயிற்றுவிக்கும் என்று அது எண்ணியது; டெவன், டார்செட் பகுதி வணிகர்களும் அதையே வலியுறுத்தினார்கள். கரையிலிருந்து ஆறு மைலுக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது என்று பதினேழாம் நூற்றாண்டில் விதிகூட எழுதினார்கள். கடலைப் பார்த்துப் பிழைக்க வந்தவனைக் கடலிலிருந்து ஆறு மைல் தள்ளி வாழச் சொன்ன அந்த விதி நடைமுறையில் நிற்கவில்லை. குடியேற்ற வரலாற்றை ஆராய்ந்த கார்டன் ஹேண்ட்காக் இன்னொன்றையும் காட்டுகிறார்: ஆண்கள் மட்டும் வந்த வரையில் எந்தத் துறையும் நிலைத்த ஊராகவில்லை. பெண்கள் வந்து, திருமணங்கள் நடந்து, பிள்ளைகள் பிறந்த துறைகளே நின்றன. நெப்போலியன் காலத்துப் போர்களில் போய்வரும் மீன்பிடி நொறுங்கியபோது கரையில் இருந்த குடும்பங்களே தொழிலைக் கையில் எடுத்தன. வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு பக்கத்து அயர்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 1836 கணக்கெடுப்பில் மக்கள் எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியிருந்தது. பிரிட்டன் இந்தத் தீவை முறையான குடியேற்ற நாடாக ஏற்றதே 1824இல்தான். ஊர்கள் முதலில் வந்தன. அரசு பின்னால் வந்தது.

ஆனால் அந்தக் கரை யாருமற்ற கரையாக இருக்கவில்லை. கோடையில் கடலோரம் வந்து சால்மனும் சீலும் பறவை முட்டையும் சேர்த்துவிட்டு, குளிர்காலத்தில் உள்நாட்டுக்குள் போய் காரிபூ மானை வேட்டையாடும் பியோத்துக் மக்களின் கரை அது. ஒவ்வொரு நல்ல துறையிலும் ஒரு மீன்மேடை எழுந்தபோது அவர்கள் கடலுக்கு வரும் வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. பசியும் காசநோயும் குடியேறிகளின் துப்பாக்கியும் சேர்ந்து அவர்களை முடித்தன. அறியப்பட்ட கடைசிப் பியோத்துக் பெண்ணான ஷானடித்திட் 1829இல் செயின்ட் ஜான்ஸில் காசநோயால் இறந்தார். இறப்பதற்கு முன் தம் மக்களின் கடைசி ஆண்டுகளைப் படங்களாக வரைந்து வைத்தார். அவுட்போர்ட் மக்களுக்குப் பின்னாளில் நேர்ந்ததைப் பேசும் எவரும் அந்தப் படங்களைத் தாண்டிக்கொண்டு போகக் கூடாது.

*

மோட்டார் வருவதற்கு முன் மீனவனுக்கு அளவுகோல் அவன் தோள்தான். துடுப்பு வலித்துப் போய், பிடித்து, அன்றே திரும்பிவரும் தூரத்துக்குள் மீன்தளம் இருக்க வேண்டும். மீனோ கரையின் நீளம் முழுக்கப் பரவிக் கிடந்தது. அதனால்தான் ஒரு பெரிய நகரத்துக்குப் பதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். மண் இருக்கிறதா, சமநிலம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. காற்று மறைவு, படகு நிற்கும் ஆழம், அருகில் மீன், இந்த மூன்றும் அமைந்தால் மொட்டைப் பாறையிலும் வீடு எழுந்தது. அந்த ஊர்களின் பெயர்களைப் படித்தாலே வந்தவர்களின் மனநிலை தெரிகிறது. ஹார்ட்ஸ் கன்டென்ட் என்றால் மனநிறைவு. கம் பை சான்ஸ் என்றால் தற்செயலாக வந்தது. ஃபேமிஷ் கட் என்ற பெயரிலோ பசி இருக்கிறது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரை ஒட்டி ஒரு துண்டுக் கரை இருந்தது. மேடை, உப்பு அறை, பரண், படகு எல்லாம் சேர்ந்த அந்த இடத்தை 'ரூம்' என்பார்கள். ஜூனில் கேப்லின் என்ற சிறுமீன் முட்டையிட அலையோடு கரை ஏறும். வெறுங்கையால் வாரலாம். உருளைக்கிழங்குப் பாத்திக்கு உரமாவதும் அதுதான். அதைத் துரத்திக்கொண்டு காட் கரைக்கு வரும். அதன்பின் இரண்டு மாதம் ஊரில் தூக்கம் கிடையாது. படகு மேடையில் சேர்ந்ததும் ஒருவர் தொண்டையை அறுத்து வயிற்றைக் கீறுவார், அடுத்தவர் தலையை முறித்துக் குடலை எடுப்பார், மூன்றாமவர் நடுமுள்ளை ஒரே இழுப்பில் பிரித்தெடுப்பார், நான்காமவர் உப்பிடுவார். ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் உண்டு. முள்ளைப் பிரிப்பவரின் கைதான் மதிப்பு மிக்க கை. உப்பில் ஊறிய மீனைக் கழுவி, மரக்கொம்பும் தழையும் பரப்பிய பரணில் காலையில் விரித்து, வெயில் ஏறினால் திருப்பி, மாலையில் குவித்து மூடி, மறுநாள் மறுபடி விரிப்பார்கள். வெயில் கூடினால் மீன் வெந்துபோகும், மழை பட்டால் வழவழத்துப்போகும். இந்தக் கரைவேலை பெரும்பாலும் பெண்களுடையது. கடலில் படகுத் தலைவர் இருப்பதுபோலக் கரைக்கூட்டத்துக்குத் தலைவி உண்டு. பெரும்பாலும் படகுத் தலைவரின் மனைவிதான். வானத்தைப் பார்த்து, இன்று விரிக்கலாமா என்று முடிவெடுப்பவர் அவர். ஒரு மணிநேர மழையில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு தரம் கீழே இறங்கிவிடும். மீன்பிடி வரலாற்றை எழுதியவர்கள் நெடுங்காலம் படகோடு நின்றுவிட்டதால் இந்தப் பெண்களின் உழைப்பு கணக்கில் ஏறாமலே போயிற்று.

தரம் பிரிப்பது வணிகரின் ஆள். நல்ல மீன் ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் இத்தாலிக்கும் போகும். கடைசித் தரத்துக்குப் பெயரே 'வெஸ்ட் இண்டீஸ்'. உடைந்ததும் கருகியதுமான அந்த மீன் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு உணவாகப் போய், அதற்கு ஈடாக ரம்மும் கருப்பஞ்சாற்றுப் பாகும் வந்தன. உலகின் மூலையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஊர்கள் இரண்டு கண்டங்களின் சந்தையோடு இப்படிக் கட்டப்பட்டிருந்தன.

கட்டிய கயிறு கடன். வசந்தத்தில் வணிகர் உப்பு, வலைநூல், மாவு, தேயிலை எல்லாம் பற்றில் கொடுப்பார். இலையுதிர் காலத்தில் காய்ந்த மீனை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். கொடுத்த பொருளின் விலையும் அவர் வைத்தது, வாங்கும் மீனின் விலையும் அவர் வைத்தது. பல குடும்பங்கள் தலைமுறைக் கணக்கில் பணத்தைக் கண்ணால் பார்க்காமலே வாழ்ந்தன. முன்பணம் வாங்கிய குற்றத்துக்காகப் பிடித்த மீன் முழுவதையும் ஒரே தரகரிடம் போடும் நம் கரை மீனவர்களுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். இதை எதிர்த்து 1908 நவம்பரில் ஹெர்ரிங் நெக் என்ற சிற்றூரில் வில்லியம் கோக்கர் மீனவர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் தானே பொருள் வாங்கி விற்றது, தானே மீனை ஏற்றுமதி செய்தது, போர்ட் யூனியன் என்று தனக்கென ஒரு நகரத்தையே கட்டியது, சட்டமன்றத்துக்கும் போயிற்று. கத்தோலிக்கத் தலைமை எதிர்த்ததால் அது பெரும்பாலும் வடக்கே புராட்டஸ்டன்ட் ஊர்களோடு நின்றுவிட்டது. மதம் அந்தக் கரையைக் கடுமையாகப் பிரித்தே வைத்திருந்தது. பிள்ளைகள் குறைவான ஊரிலும் சபைக்கு ஒன்றாகப் பள்ளிகள் நடந்தன; அந்த ஏற்பாடு 1998 வரை ஒழியவில்லை.

ஆனாலும் ஊர் தன்னைத்தானே ஆண்டுகொண்டது என்பதற்குச் சான்றுகள் நிறைய. 1860களின் நடுவில் லாப்ரடார் கரையில் வில்லியம் வைட்லி பெட்டி வடிவப் பட்டிவலை ஒன்றை உருவாக்கினார். கரையோரம் நிலையாக நிறுத்தும் அந்த வலைக்கு நல்ல இடங்கள் சிலவே இருந்தன. யாருக்கு எந்த இடம்? பல ஊர்களில் ஆண்டுதோறும் குலுக்கிப் போட்டார்கள். பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் காலங்காலமாக வைத்திருக்கும் பாடு முறையைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பளிக்கும். ஒன்றையொன்று அறியாத இரண்டு கரைகள், வரம்புள்ள மீன்தளத்தைச் சண்டையில்லாமல் பங்கிட ஒரே வழியைக் கண்டிருக்கின்றன. வீடு மாற்றுவதும் ஊர்வேலைதான். ஃபோகோ தீவின் டில்டிங் கிராமத்தில் ஒரு குடும்பம் வீட்டை வேறு இடத்துக்கு நகர்த்த நினைத்தால், ஊரே கயிறு பிடித்துப் பாட்டுக்கு இசைய இழுக்கும். கிறிஸ்துமஸை ஒட்டிய பன்னிரண்டு நாளும் முகத்தை மறைத்து, ஆண் பெண் வேடமும் பெண் ஆண் வேடமும் போட்டு, குரலை மாற்றிப் பேசி வீடு வீடாகப் போவார்கள். வீட்டார் யாரென்று கண்டுபிடித்தால் முகத்திரை விலகும், கேக்கும் குடியும் வரும். 'மம்மரிங்' என்ற இந்த வழக்கத்தை, வேடத்தில் வந்தவர்கள் செய்த ஒரு கொலைக்குப் பிறகு 1861இல் அரசு பொதுவெளியில் தடைசெய்தது. ஊர்கள் வீட்டுக்குள் அதைத் தொடர்ந்தன.

தொலைவின் விலையையும் சொல்லியாக வேண்டும். 1929 நவம்பர் 18 மாலை கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டு, இரண்டரை மணிநேரம் கழித்துச் சுனாமி ப்யூரின் தீபகற்பத்தின் தென்கரையைத் தாக்கியது. 28 பேர் இறந்தார்கள். வீடுகள், மேடைகள், குளிர்காலத்துக்குச் சேர்த்த உணவு, விறகு எல்லாம் போயின. தந்திக் கம்பி அதற்கு முன்பே அறுந்திருந்தது. மூன்று நாள் கழித்து வழக்கமாக வரும் கப்பல் கரை சேர்ந்து, அதிலிருந்த கம்பியில்லாத் தந்தி வழியே செய்தி போன பிறகுதான் தலைநகருக்குத் தெரிந்தது. 2004 டிசம்பரை நேரில் கண்ட நம்மால் அந்த மூன்று நாட்களை நினைத்துப் பார்க்க முடியும். மருத்துவர் கேட்டதும் பள்ளி கேட்டதும் சாலை கேட்டதும் அந்த மக்களேதான். தொலைவைப் புனிதமாக்கும் வேலை எனக்கு இல்லை.

*

1949 மார்ச் 31இல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவோடு இணைந்தது. மாகாணத்தின் முதல் முதலமைச்சர் ஜோயி ஸ்மால்வுட் ஆலைகளைக் கனவு கண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்களுக்குச் சாலையும் மின்சாரமும் கொண்டுபோவதைவிட மக்களைச் சேர்த்து ஒரு சில இடங்களில் வைப்பது மலிவு என்று கணக்குப் போட்டார்கள். 1954இல் தொடங்கிய மாகாணத் திட்டத்தில் ஊரில் எல்லோரும் சம்மதித்தால் குடும்பத்துக்குத் தொடக்கத்தில் 150 டாலர், பின்னர் 600 டாலர் வரை. 1965இல் மத்திய அரசும் சேர்ந்தது. குடும்பத்துக்கு 1,000 டாலர், தலைக்கு 200 டாலர். எல்லோரும் சம்மதிக்க வேண்டியதில்லை, 90 விழுக்காடு போதும் என்றார்கள். பின்னர் அதுவும் 80 ஆயிற்று. 1954 முதல் 1975 வரை ஏறத்தாழ 300 ஊர்கள் காலியாயின. ஏறத்தாழ 30,000 பேர் பெயர்ந்தார்கள்.

யாரையும் துப்பாக்கி முனையில் ஏற்றவில்லை, மக்களே கையெழுத்திட்டார்கள் என்பது அரசின் வாதம். அந்தக் கையெழுத்து எப்படி விளைந்தது என்று பார்க்க வேண்டும். முதலில் ஆசிரியர் போவார், புதியவர் வரமாட்டார். வணிகர் கடையை மூடுவார். பாதிரியார் பக்கத்து விரிகுடாவுக்கு மாறுவார். தபால் படகு நின்றுவிடும் என்ற பேச்சு கிளம்பும். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் கிளம்ப நினைக்கும். ஆனால் பணம் வேண்டுமென்றால் கிழவர்களும் கையெழுத்திட வேண்டும். போக விரும்பாத ஒரு முதியவர் தன் அண்டை வீட்டுக்காரரின் எதிர்காலத்துக்கே தடையாக நிறுத்தப்பட்டார். தலைமுறைகளாக ஒருவர் வீட்டை இன்னொருவர் கயிறு பிடித்து இழுத்த ஊர்களில் விழுக்காட்டுக் கணக்கு செய்த வேலை இது. நான் படித்தவற்றில் இதைவிடக் கொடிய விதி அந்தத் திட்டத்தில் வேறொன்றும் இல்லை.

வீடுகளை அவர்கள் விட்டுப் போகவில்லை. காலி எண்ணெய் பீப்பாய்களைச் சுற்றிக் கட்டி, உயர்நீரில் வீட்டைக் கடலில் இறக்கி, படகுகள் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பிளசென்ஷியா விரிகுடாவில் மிதந்து போகும் இரண்டு மாடி மரவீடுகளின் புகைப்படங்கள் இன்றும் அந்த மாகாணத்தின் வீடுகளில் தொங்குகின்றன. தேவாலயத்தையும் கல்லறையையும் இழுத்துப் போக முடியாது. மெராஷீன் தீவு 1968இல் காலியாயிற்று. போய்ச் சேர்ந்த 'வளர்ச்சி மையங்களில்' சொன்ன வேலைகள் பலருக்குக் கிடைக்கவில்லை. அங்குள்ள மீன்தளங்களில் ஏற்கெனவே அந்த ஊர்க்காரர்களுக்கு இடம் வகுக்கப்பட்டிருந்தது. வந்தவருக்கு இடம் இல்லை. அதனால் கோடையில் பல ஆண்கள் பழைய தீவுக்கே திரும்பி, குடிசை போட்டுத் தங்கி மீன் பிடித்தார்கள். ஊர் மறுபடி வாடியாயிற்று. மீனும் இடம் பெயர்ந்து பின்னால் வரும் என்று திட்டமிட்டவர்கள் நினைத்தார்களோ தெரியவில்லை.

பொருளியலர் பார்சிவல் கோப்ஸ், மீன்பிடித் தொழிலில் ஆள் மிகுதி என்பதால் இடப்பெயர்வு நியாயமே என்றார். நார்வேயிலிருந்து வந்து ஆராய்ந்த ஓட்டார் ப்ரோக்ஸ், காய்கறி, விறகு, வேட்டை, மீன், கைவேலை எல்லாம் கலந்த அவுட்போர்ட் வாழ்க்கையைப் பண வருமானத்தால் மட்டும் அளப்பது தவறு என்றார். ப்ரோக்ஸின் பக்கமே எனக்குச் சரியாகப்படுகிறது. தன் வீட்டைத் தானே கட்டி, வாடகையும் கடனும் இல்லாமல் இருந்தவன் வளர்ச்சி மையத்தில் கூலிக்காரனானான். புள்ளிவிவரத்தில் அவன் வருமானம் கூடியிருந்தது.

லாப்ரடாரில் நடந்தது இன்னும் கொடியது. ஹெப்ரான் என்ற இனுயிட் பழங்குடி ஊரை மூடும் முடிவை 1959இல் மக்களிடம் தேவாலயத்துக்குள் வைத்து அறிவித்தார்கள். அந்த இடத்தில் எதிர்த்துப் பேசுவது அவர்கள் வழக்கமல்ல. மாகாண அரசு 2005இல் அதற்கு மன்னிப்புக் கேட்டது.

ஃபோகோ தீவு மட்டும் வேறு வழியில் போயிற்று. அதையும் காலிசெய்யும் பேச்சு நடந்த 1967இல், கனடியத் தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ அங்கே போய், நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையோடு சேர்ந்து 27 குறும்படங்கள் எடுத்தார். அவற்றை முதலில் அந்தத் தீவின் ஊர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். மதத்தாலும் கடலாலும் பிரிந்து கிடந்த ஊர்கள் ஒன்றின் குறையை மற்றொன்று திரையில் கேட்டன. அவர்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள், பெரிய படகுகளைத் தாங்களே கட்டினார்கள், தொலைவான கடலுக்குப் போனார்கள். தீவு காலியாகவில்லை. இன்றும் மீன் ஆலைகள் அந்தச் சங்கத்தின் கையில்தான்.

*

ஊர்களைக் காலிசெய்யத் தொடங்கிய அதே 1954இல் 'ஃபேர்ட்ரை' என்ற பிரிட்டிஷ் கப்பல் மீன்பிடிக்கக் கிளம்பியது. பிடித்து, வெட்டி, உறையவைத்துக் கட்டும் ஆலையையே சுமந்த முதல் இழுவைமடிக் கப்பல் அது. பின்னாலேயே சோவியத், கிழக்கு ஜெர்மனி, ஸ்பெயின், போர்த்துகல் என்று எல்லா நாட்டுக் கப்பல்களும் வந்தன. அதுவரை ஆண்டுக்கு 3 லட்சம் டன்னைத் தாண்டாத 'வடகாட்' என்ற இந்தக் கரைக் காட் மீனின் பிடிப்பு, மெராஷீன் காலியான 1968இல் 8 லட்சம் டன்னை எட்டியது. 1977இல் கனடா 200 மைல் எல்லையை அறிவித்து வெளிநாட்டுக் கப்பல்களைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தன் இழுவைமடிக் கப்பல்களை இறக்கியது.

1980களில் கரையோர மீனவர்கள் மீண்டும் மீண்டும் சொன்னார்கள்: மீன் சிறுத்துவிட்டது, பட்டிவலை வெறுமையாக வருகிறது. மத்திய மீன்வளத் துறையின் மதிப்பீடோ மீன் பெருகுகிறது என்றது. பெரிய கப்பல்களின் பிடிப்பு வீதத்தை அந்த மதிப்பீடு பெரிதும் நம்பியது. எண்ணிக்கை சரியும்போதும் எஞ்சிய மீன் கூட்டமாக நிற்கும்; கூட்டத்தைக் கருவியால் தேடிப் போகும் கப்பலுக்குக் கடைசி நாள் வரை வலை நிறையும். நகராத வலையை வைத்துக்கொண்டு காத்திருப்பவனுக்குத்தான் முதலில் தெரியும். கரையோர மீனவர் சங்கம் அரசை எதிர்த்து நீதிமன்றம் வரை போயும் பயனில்லை.

அந்த ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்று தமிழர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1986 ஆகஸ்ட் 11 அன்று, தீவின் தென்முனையில் செயின்ட் ஷாட்ஸ் ஊருக்கு வெளியே, மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. அவற்றில் 155 ஈழத்தமிழர்கள். ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. அவர்களை முதலில் கண்டவர் அட்மிரல்ஸ் பீச் என்ற அவுட்போர்ட்டைச் சேர்ந்த மீனவர் கஸ் டால்டன். தம் படகில் ஏற்றக்கூடியவர்களை ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் தொழில் செய்த மற்றப் படகுகளையும் அழைத்தார். 155 பேரும் பிழைத்தார்கள். ஆளற்ற கரையில் அன்று அந்தப் பனிக்குள் யாரும் போயிருக்க மாட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து, 2016இல், பிழைத்தவர்களில் சிலர் அந்த விரிகுடாவுக்குப் போய் அந்த மீனவர்களைச் சந்தித்தார்கள்.

1992 ஜூலை 2இல் மத்திய அமைச்சர் ஜான் கிராஸ்பி வடகாட் மீன்பிடிக்குத் தடை அறிவித்தார். இரண்டு ஆண்டுக்கு என்றார்கள். 32 ஆண்டு நீடித்தது. ஏறத்தாழ 30,000 பேர் மீன்பிடியிலும் ஆலைகளிலும் வேலை இழந்தார்கள். கனடா வரலாற்றில் ஒரே அடியில் அத்தனை பேர் வேலை இழந்தது அதுவே முதல்முறை. தூண்டிலும் பட்டிவலையும் கொண்டு நான்கு நூற்றாண்டு பிடித்தும் தீராத மீன், ஆலைக்கப்பல் வந்து நாற்பது ஆண்டு நிறைவதற்குள் தீர்ந்தது. நண்டும் இறாலும் சில ஊர்களைத் தாங்கின. மற்றவற்றில் இளைஞர்கள் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்குப் போனார்கள், முதியவர்கள் மிஞ்சினார்கள்.

இன்றைய இடப்பெயர்வுக் கொள்கையில் பணம் கூடியிருக்கிறது: குடும்பத்துக்கு 2,50,000 டாலரும் அதற்கு மேலும். கிராண்ட் ப்ரூய்ட் 2010இல் மூடியது. லிட்டில் பே ஐலண்ட்ஸில் 2015இல் வாக்கெடுப்பு நடந்தபோது 89.47 விழுக்காட்டினர் போகலாம் என்றார்கள். அப்போது தேவை 90. அரை விழுக்காட்டுக்கு ஒரு ஊர் நான்கு ஆண்டு ஒருவரையொருவர் பார்க்கச் சங்கடப்பட்டு வாழ்ந்தது. அடுத்த வாக்கெடுப்பில் அனைவரும் இசைந்தார்கள். 2019 டிசம்பர் 31இல் மின்சாரம் நிறுத்தப்பட்டது. கோடையில் பலர் திரும்பிவந்து, தங்கள் பழைய வீட்டில் சூரியத் தகடு வைத்துத் தங்கிப் போகிறார்கள்.

2024 ஜூனில் மத்திய அரசு தடையை நீக்கி, 18,000 டன் பிடிக்கலாம் என்றது. மீன் திரும்பினால் முதல் 1,15,000 டன் கரையோர மீனவர்களுக்கும் பழங்குடியினருக்கும்தான் என்று முன்பு கொடுத்த வாக்குறுதி ஒன்று இருந்தது. அந்த 18,000 டன்னிலேயே கனடிய இழுவைமடிக் கப்பல்களுக்கும் ஒரு பங்கு இருந்தது, வெளிநாட்டுக் கப்பல்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. மீனவர் சங்கம் எதிர்த்தது. சங்கம் சொன்னதே சரி.